நிற்பதற்குக் குடித்த இலை

1

இதை எழுதவேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் என் கணவர் தாசன். இன்னொருவர் எங்கள் வேலைத்தல வான் ஓடும் யோகன் அண்ணை. மூன்றாவது எங்கள் பங்கில் ஜெபமாலை முன்னின்று சொல்லும் ஓர் அன்ரி. "நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க உந்தக் கதை முன்னால வந்து நிக்கும் மெற்றில்டா" என்றார் அந்த அன்ரி.

வந்து நிற்கட்டும். என் மகள் டெனீஷாவுக்கு இப்போதுதான் பதினேழு. அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள், தாயின் வயிற்றுக்குள் என்ன போனது என்று விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார்கள் என்றால் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை எனக்கு மிச்சம்.

போன கிழமைதான் மன்னாரிலிருந்து திரும்பினேன். போர் முடிந்து இரண்டு வருடம். சூட்கேஸ் இன்னும் விறாந்தையில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எழுதவேண்டும் என்ற வேகம் வந்தது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களே, இதைப் பாவசங்கீர்த்தனம் என்று நினைக்கவேண்டாம். அதைச் செய்யவேண்டிய கூட்டில் செய்தாயிற்று. சாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இது வேறு. இந்த நகரத்தில் ஒரு பச்சைத் தூளை மூலிகை என்று நம்பி இப்போதும் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கும் எங்கட ஆட்களுக்காக எழுதுகிறேன். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

2

நாங்கள் இருப்பது கனடாவில், மில்லிக்கனில். வேலை பிறம்ரனில், ஒரு பெரிய களஞ்சியத்தில். யோகன் அண்ணையின் வானில் ஆறேழு பேர் போய்வருவோம். வேலை என்பது ஒரே இடத்தில் நிற்பது. பெல்ற்றில் சாமான் வரும், எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கி ஒட்டவேண்டும், அடுத்தது வந்துவிடும். சீமெந்துத் தரை. பத்து வருடம் சீமெந்தில் நின்றவளின் இடுப்பு எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

போரின் கடைசி மாதங்களில் அந்த நிற்றல் போதாது என்று இன்னொரு நிற்றலும் வந்தது. வேலை முடிந்து வான் நேரே டவுன்ரவுனுக்குப் போகும். போரை நிறுத்தச் சொல்லி, பனிக்குள், றோட்டுக் கரையில், படங்களைப் பிடித்துக்கொண்டு கால் கடுக்க நிற்போம். என் தம்பி அன்ரன் லொறி ஓடுகிறவன். சாமான் ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் போனவன், பாதை மூடியதும் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். அவனுக்காகத்தான் நின்றேன். மற்றவர்களும் தங்கள் தங்கள் ஆட்களுக்காக நின்றார்கள்.

அந்த நாட்களில்தான் யோகன் அண்ணை ஒரு பொதியைக் கொண்டுவந்தார். களஞ்சியத்தில் போர்க்லிஃப்ற் ஓடும் ஒரு தாய்லாந்துக்காரர் சொன்னாராம். அங்கே தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் சப்பும் இலையாம், களைப்புத் தெரியாதாம். அதன் பெயர் கிறாற்றம். புகைக்கிற சாமான்கள் விற்கும் கடையில் தூளாகக் கிடைக்கும். பொதியில் 'உட்கொள்வதற்கல்ல' என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டினேன்.

"உது சட்டத்துக்காகப் போட்டிருக்கிறாங்கள் பிள்ளை. இலைதானே! நாங்கள் இலைக்கஞ்சி குடிச்சு வளந்த ஆக்கள், உதுக்கெல்லாம் பயந்தால் சரியே?" என்றார்.

சரிதானே என்று எல்லோருக்கும் பட்டது. இலை என்றால் எங்களுக்கு நல்லது. கைத்தால் இன்னும் நல்லது. டொக்டர் தரும் வெள்ளைக் குளிசைக்குப் பயப்படுவோம், பச்சைத் தூளைக் கண்டால் கும்பிடுவோம். அதுதான் எங்கள் புத்தி. நான் அதைத் தேசிக்காயும் சீனியும் விட்டுக் கலக்கி, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வேலைக்குக் கொண்டுபோனேன். இடுப்பு நோ போனது. கால் கடுப்புப் போனது. பனிக்குள்ளும் நிற்க முடிந்தது.

வைகாசியில் அன்ரனின் செய்தி வந்தது. செல் விழுந்து முடிந்துபோனான். உடல் இல்லை. அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். "மெற்றில்டா கல்லு மாதிரி நிண்டவ" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

3

அடுத்த தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை ஒறுக்கவேண்டும். தாசன் பியரை விட்டார். டெனீஷா சொக்லேற்றை விட்டாள். நான் என்ன விடுவது? மீனை விட ஏலாது, மன்னாராள். தேத்தண்ணியை விட்டால் தலை இடிக்கும். இலைத்தண்ணியை விடுவோம், அதுதான் லேசு என்று முடிவெடுத்தேன். கடவுளையே ஏமாற்றப் பார்த்தேன் என்று வையுங்கள்.

விபூதிப் புதன் காலை விட்டேன். பின்னேரமே கொட்டாவி. சும்மா கொட்டாவி இல்லை, தாடை கழன்றுவிடும் போல. வியாழக்கிழமை மூக்கால் ஓடியது, குளிரும் வேர்வையும் ஒன்றாக வந்தன. கால்கள் படுத்தால் படுக்கவிடாது, இருந்தால் இருக்கவிடாது. உள்ளே எறும்பு விட்டதுபோல் உதறிக்கொண்டே இருந்தன. வயிறும் குழம்பிவிட்டது. தாசன் "சாப்பாடு போடட்டே?" என்று கேட்டதற்கு அந்த மனிசனோடு விழுந்து பாய்ந்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மூன்றாம் தலத்துக்கு மேல் நிற்க முடியாமல் வாங்கில் குந்திவிட்டேன்.

ஜெபமாலை அன்ரி என் தலையில் கை வைத்து, "ஒறுத்தல் செய்தால் பசாசு சோதிக்கும். மன்றாடுங்கோ" என்றார். மன்றாடினேன். தடிமன் காய்ச்சல் என்றும் நினைத்தேன். சனிக்கிழமை தாங்காமல் ஒரு கோப்பை கலக்கிக் குடித்தேன். அரை மணித்தியாலத்துக்குள் கொட்டாவியும் இல்லை, மூக்கும் இல்லை, கால் உதறலும் இல்லை. காய்ச்சல் எங்கேயாவது அப்படிப் போகுமா? அப்போதே விளங்கியிருக்கவேண்டும். எனக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. மீனை விடுகிறேன் ஆண்டவரே என்று ஒறுத்தலை மாற்றிக்கொண்டேன்.

4

விளங்கவைத்தவள் பரீதா. எங்கள் வானில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவளும் மன்னார், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். தொண்ணூறில் தமிழ் இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது சின்னப்பிள்ளையாகக் கையில் ஒரு பையோடு போனவள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் வானுக்குள் பேசியதே இல்லை. பேசியிருக்கவேண்டும். அது இன்னொரு நாளைக்கான கோபம்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு அறையில் என் போத்தலைப் பார்த்தாள். "விட்டனீங்கள் எண்டு சொன்னீங்கள்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன், பசாசு உட்பட. அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, போன நோன்புக்கு எனக்கும் அச்சொட்டா இதுதான் வந்தது. கொட்டாவி, மூக்கு, கால். எல்லாரும் பசிக்களை எண்டிச்சினம்."

"பசிதானே, பொழுதுபடுமட்டும் ஒண்டும் இல்லாமல்?"

"எனக்குப் பசியைத் தெரியும் அக்கா. ஏழு வயசில இருந்து நோன்பு பிடிக்கிறன். பசி வயித்துக்குள்ள இருக்கும், பின்னேரமானா அதுவும் அடங்கிப்போகும். உது அடங்கேல்ல, நேரம் போகப்போகக் கூடினது. உது பசி இல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒருநாள் பாங்கு சொல்லுது, வீட்டில எல்லாரும் பேரீச்சம்பழத்தை எடுக்கினம். என்ர கை தூள்போத்தலுக்குப் போகுது. நோன்பை நான் உதாலதான் திறந்தனான். அல்லாவே, அண்டைக்கு எனக்கு வந்த வெக்கம்!"

"பிறகு? விட்டனியோ?"

"எங்க விடுறது. கூட்டித்தான் குடிக்கிறன்."

நானும் கூட்டித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் தேக்கரண்டியில் தட்டி ஒன்று, பிறகு குவித்து ஒன்று, பிறகு மேசைக்கரண்டி. வார விடுமுறைக்கு மட்டும் வேண்டாம் என்றிருந்தது, பிறகு ஞாயிறு பூசைக்கு முன்னும் வேண்டியிருந்தது. பொதி முடியப்போகிறது என்றால் மனம் பதறியது. சோறு இறங்கவில்லை, மலச்சிக்கல், உடம்பு வற்றியது. "டயற்றோ அக்கா?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். வாசிக்கிறவர்களே, இந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பொருந்தினால், பசாசு என்றும் பசி என்றும் பேர் வைக்காதீர்கள்.

5

அன்ரனின் ஓராண்டுப் பூசைக்கு நான் மன்னாருக்குப் போவதாக இருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவேன் என்று சொல்லியிருந்தார். ரிக்கற் போட்டாயிற்று, சூட்கேஸ் திறந்தாயிற்று. அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையா, மச்சாளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்தா என்று யோசிக்கவேண்டிய நேரத்தில் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? தூளை எப்படிக் கொண்டுபோவது என்று.

கண்டுபிடித்தேன் ஒரு வழி. அஜின்கோர்ட் கடையில் மருதோன்றித் தூள் வாங்கினேன். அதுவும் பச்சை, இதுவும் பச்சை. மருதோன்றியைக் குப்பையில் கொட்டிவிட்டு, அந்தப் பொதிகளுக்குள் கிறாற்றத்தை நிரப்பி, வேலைத்தலத்தில் பழகிய கையால் வடிவாக ஒட்டினேன். சூப்பவைசர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

அப்போது டெனீஷா குசினிக்குள் வந்தாள். அந்த நாட்களில் அவள் எங்களோடு பேசுவது குறைவு. அறைக் கதவு, காதில் வயர், கேட்டால் ஒரு 'வட்எவர்'. அன்று குப்பை வாளியைப் பார்த்தாள், பொதிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஊஸ் வெடிங்?"

"கலியாணம் ஒண்டும் இல்லை. மாமான்ர பூசைக்கு."

"ஃபியூனரல் மாஸுக்கு ஹெனாவா?"

துக்கப் பூசைக்கு மருதோன்றி கொண்டுபோகப் பார்த்த முதல் வேதக்காரி நானாகத்தான் இருப்பேன். அவள் ஒரு பொதியைப் பிரித்து மணந்து பார்த்தாள். "வை ஆர் யூ ஹைடிங் இற்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், தப்பியிருப்பேன். குசினி நிலத்தில் குந்திவிட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை எனக்குப் பக்கத்தில் இருந்து, "அம்மா, யூ கான்ற் ஸ்ரொப், றைற்?" என்றாள்.

"ஓம்" என்றேன். அந்த ஓம் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

6

குடும்ப டொக்டர் எங்கட ஆள்தான். காத்திருக்கும் அறையில் பாதி மன்னார், பாதி யாழ்ப்பாணம்; யாருக்கு என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மூலிகைதானே. விட்டுட்டு வடிவாச் சாப்பிடுங்கோ."

"விட்டுப் பாத்தனான் டொக்டர். ஏலாது. உதுக்கெண்டு இருக்கிற கிளினிக்குக்குக் கடிதம் தாங்கோ."

"அது உங்களுக்குச் சரிவராது அக்கா. அங்க வாற ஆக்கள் வேற மாதிரி."

"நானும் வேற மாதிரித்தான். கடிதம் தந்தால் எழும்புறன்."

தந்தார். எழும்பினேன்.

கிளினிக்கில் கொம்பியூட்டர் வைத்திருந்த பெண்ணின் பட்டியலில் கிறாற்றம் இல்லை. பட்டியலில் இருந்த பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். கடைசியில் 'மற்றவை' என்ற பெட்டியை அமத்தினாள். பரவாயில்லை, கனடாவுக்கு வந்த நாளில் இருந்து எனக்கு அந்தப் பெட்டி பழக்கம்தான்.

டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க ஒரு தம்பியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். குரலைக் கேட்டால் இந்தியத் தமிழ். "என்னால விட ஏலாமல் கிடக்கு, நான் உதுக்கு அடிமையாப் போனன்" என்றேன். அவர் இங்கிலிஷில் சொன்னது என் காதில் விழுந்தது: இந்த அம்மா மூலிகைத் தேநீர் விரும்பிக் குடிக்கிறார், குறைக்க ஆசைப்படுகிறார்.

"தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"அம்மா, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்…"

"மரியாதையை நான் வீட்டில வைச்சிட்டு வந்தனான் தம்பி. சொன்னதைச் சொல்லுங்கோ."

அவர் தடுமாறினார். எனக்குப் பொறுமை இல்லை. டொக்டரைப் பார்த்து என் களஞ்சியத்து இங்கிலிஷில் நானே சொன்னேன்: "நோ லைக். கனொட் ஸ்ரொப். ஹெல்ப் மீ." அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்து நான் பேசிய மிகச் சரியான இங்கிலிஷ் அதுதான்.

அவர் திட்டவில்லை. ஒரேயடியாக விடவேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார். கால் உதறலுக்கும் நித்திரைக்கும் குளிசை தந்தார், கிழமைக்குக் கிழமை வரச் சொன்னார், தாங்க ஏலாவிட்டால் வேறு மருந்தும் இருக்கிறது என்றார். பள்ளிக்கூடம் போகுமுன் டெனீஷாதான் கரண்டியில் தூளை எடுத்துக் கத்தியால் வழித்து மட்டம் பார்த்துத் தருவாள். எனக்கு வந்த ஆத்திரம்! பெத்தவளை அளந்து வைக்கிறாளே என்று கொதித்தேன். ஒருநாள் கரண்டியைப் பறிக்கவும் போனேன். அவள் விடவில்லை. "ஐ ஆம் நொட் ஸ்கெயாட் ஒஃப் யூ, அம்மா" என்றாள், கண் நிறையத் தண்ணியோடு. அந்தக் கதவடைத்த பிள்ளை திரும்ப எனக்குக் கிடைத்தது கரண்டி விளிம்பில்தான்.

ஓராண்டுப் பூசைக்குப் போக முடியவில்லை. தாசன் அம்மாவிடம் "லீவு கிடைக்கேல்லை மாமி" என்று தொடங்கினார். போனை வாங்கி உண்மையைச் சொன்னேன். அம்மா, "சாப்பிடுறியோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப சுகமாக்கிக்கொண்டு வா. நான் ஒருதரின்ர கையையும் பிடிக்காமல் காத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். அந்தப் பேச்சு என்னைக் கொன்றது.

7

தூள் குறையக் குறைய ஒரு சங்கடம் வந்தது. அழுகை. பெல்ற்றில் பெட்டி வர அழுதேன். பஸ்ஸில் அழுதேன். கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டே அழுதேன். அன்ரன் செத்து ஒரு வருடம் கழித்து அன்றுதான் செய்தி வந்ததுபோல. அப்போதுதான் தெரிந்தது, அந்த இலை என் இடுப்பைப் பிடித்து நிறுத்தியது மட்டும் இல்லை, அழுகையையும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. கல்லு மாதிரி நின்றது நான் இல்லை, தூள்.

இதை வானில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யோகன் அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நான் நல்லதுக்குத்தானே பிள்ளை தந்தனான்" என்றார்.

"ஓம் அண்ணை, நல்லதுக்குத்தான். நல்லதுக்கெண்டு குடிச்சாலும் உது ஆளைப் பிடிச்சு அடிமையாக்கும் எண்டுதான் சொல்லுறன்."

அடுத்த கிழமை வானில் எனக்கு இடம் இல்லாமல் போனது. ஆள் கூடிவிட்டதாம். நல்லது. மூன்று பஸ் மாறிப் போனேன். கொஞ்ச நாளில் பரீதாவும் பஸ்ஸுக்கு வந்தாள், கிளினிக்குக்கும் வந்தாள். அந்த வருட நோன்புக்கு ஒருநாள் பொழுதுபட அவளிடமிருந்து அழைப்பு. எடுத்தால் பேச்சில்லை, எதையோ மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. "பேரீச்சம்பழம் அக்கா" என்றாள் பிறகு. இரண்டு பேரும் சிரித்தோம்.

யோகன் அண்ணையை இந்த மாசியில் கிளினிக்கில் கண்டேன். தொப்பியை இறக்கி இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தார். "அண்ணை! உங்க ஏன் மூலைக்குள்ள? இஞ்சால வந்து இருங்கோ" என்று அறை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டேன். வந்து இருந்தார். இப்போது எழுதவேண்டாம் என்கிறார். அவர் கேட்டால் பெயரை மாற்றியிருக்கிறேன் என்று சொல்லுங்கள், மாற்றித்தான் இருக்கிறேன்.

8

இரண்டாம் ஆண்டுப் பூசைக்குப் போனேன். சூட்கேஸை அடுக்கியது டெனீஷா. மூடிப் பூட்டிவிட்டு அதன்மேல் ஏறி இருந்து, "கிளியர், அம்மா" என்றாள். பச்சையாக அதற்குள் இருந்தது அம்மாவுக்கு வாங்கிய ஒரு சேலை மட்டும்.

கோயிலுக்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். சுவரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகள் பூசப்படாமல் இருந்தன. வெக்கை. நீளப் பூசை. பாதியிலேயே இடுப்பு நோகத் தொடங்கியது. சீமெந்து எங்கேயும் சீமெந்துதான். முழங்கால் நொந்தது. சாமியார் அன்ரனின் பெயரை வாசித்தார். அவன் சின்னனில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இதே கோயிலுக்குள் நின்று ஊத்தை மூக்கோடு சிணுங்கியது ஞாபகம் வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதேன், சத்தமாக. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

எனக்குப் பின்னால் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை என் தோளைத் தொட்டு மெல்லச் சொன்னது: "அக்கா, நிக்க ஏலாட்டி வாங்கில இருங்கோவன்."

"இல்லைப் பிள்ளை, நான் நிக்கிறன்" என்றேன்.